காவிரி போகும் வழியில் ஒரு கடலோர ஓய்வு

மேச்சேரி, நங்கவள்ளி, தாரமங்கலம் முதலிய சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதி ஊர்களில் வாழும் குடும்பங்கள் ஆண்டின் பிற்பாதியில் வெளியூர் சென்று நான்கு நாள் தங்கிவர நினைத்தால், அதற்கான வாய்ப்பு பெரும்பாலும் இரண்டு தருணங்களில்தான் அமைகிறது. புரட்டாசியில் பள்ளிகளின் காலாண்டுத் தேர்வு விடுமுறையும் ஆயுத பூஜையும் நெருங்கி வரும் நாள்கள் ஒன்று. ஐப்பசியில் தீபாவளியை ஒட்டி விசைத்தறிக் கூடங்கள் ஓட்டத்தை நிறுத்திச் சில நாள் மூடிக்கிடக்கும் காலம் மற்றொன்று. இந்நாள்களில் ஏற்காடும் ஒகேனக்கலும் நிரம்பி வழிகின்றன. கொல்லிமலையின் கொண்டைஊசி வளைவுகளில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. கடற்கரை ஊர் ஒன்றில் போய் ஓய்வாகத் தங்குவது என்னும் எண்ணம் இப்பகுதியினருக்கு எளிதில் எழுவதில்லை. எழுந்தாலும், அது வேளாங்கண்ணிக்கோ திருச்செந்தூருக்கோ இராமேசுவரத்துக்கோ ஒரே இரவில் போய்த் திரும்பும் வழிபாட்டுப் பயணமாகவே முடிந்துவிடுகிறது.

ஆயினும் மேச்சேரிக்கு அருகிலுள்ள மேட்டூர் அணையில் திறந்துவிடப்படும் தண்ணீர் பவானி, ஈரோடு, பரமத்திவேலூர், முசிறி, திருச்சி, கும்பகோணம் என்று ஊர் ஊராகக் கடந்து போய்ச் சேருமிடம் ஒரு கடற்கரைதான். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையிலிருந்து, வழக்கப்படி, ஜூன் 12 தொடங்கி ஜனவரி 28 வரை டெல்டாப் பாசனத்துக்கு நீர் விடப்படுகிறது. ஆகவே நீர்வரத்து நல்ல ஆண்டுகளில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மயிலாடுதுறை வரை ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அணைக்குப் பக்கத்தில் இருந்தும் மானாவாரி நிலக்கடலையையும் மேட்டுநிலத்துக்கே உரிய மேச்சேரி ஆட்டையும் நம்பி வாழும் மக்களுக்கு, தங்கள் கண்ணெதிரே தேங்கிக் கிடந்த நீர் எங்கே போகிறது என்பதைப் பின்தொடர்ந்து பார்ப்பதே ஒரு பயணத்துக்குப் போதுமான காரணம். அந்தப் பயணத்தின் கடைசித் தங்கலுக்கு மிகவும் பொருத்தமான ஊர் தரங்கம்பாடி.

கடலோரத்தில் ஓய்வெடுப்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்ற கருத்து பரவலாக உண்டு. அது பாதிதான் உண்மை. இங்கிலாந்தில் கடலை நாடிச் செல்லும் வழக்கத்தைப் பெரிதும் வளர்த்தவர் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்னும் மருத்துவர். 1750-களில் அவர் கடல்நீரை நிணநீர்ச் சுரப்பிக் கோளாறுகளுக்கு மருந்தென்று பரிந்துரைத்து, அதில் குளிக்கவும் அதைக் குடிக்கவும் நோயாளிகளை பிரைட்டன் என்னும் தென்கடலோர ஊருக்கு வரவழைத்தார். நோயாளிகளுக்குப் பின்னால் செல்வர்களும், அவர்களுக்குப் பின்னால் அரசகுடும்பத்தினரும் வந்தனர். 1841-இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில்பாதை போடப்பட்டதும் எளிய மக்களும் கோடையில் திரண்டு வரத் தொடங்கவே, கூட்டத்தை விரும்பாத செல்வர்கள் தங்கள் வருகையை இலையுதிர்காலத்துக்கு, அதாவது செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மாதங்களுக்கு, மாற்றிக்கொண்டனர். அந்த ஏற்பாட்டுக்கு இயற்கையின் துணையும் இருந்தது. நிலத்தைக் காட்டிலும் கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிரும் தன்மையுடையது என்பதால், இங்கிலாந்தின் தென்கரையில் செப்டம்பர் மாதக் கடல்நீர் மே மாதத்தைவிட வெதுவெதுப்பாக இருக்கும். வெதுவெதுப்பு என்பதுகூட அவர்கள் கணக்கில்தான்; 16, 17 டிகிரி செல்சியஸ் நீரில் மேட்டூர்க்காரர் எவரும் கால் வைக்க மாட்டார்.

வடமேற்கு இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரத்தின் வரலாறு இதனினும் சுவையானது. லங்காஷயர் பகுதியின் பஞ்சாலை நகரங்கள் ஆண்டுக்கொரு வாரம் ஆலைகளை மொத்தமாக மூடிவிடும் வழக்கமுடையவை. அந்த வாரத்தில் ஊரே காலியாகி பிளாக்பூலில் போய்க் குவியும். ஒவ்வொரு நகரமும் வெவ்வேறு வாரத்தைத் தேர்ந்துகொண்டதால் கோடை முழுவதும் அந்தக் கடலோர ஊருக்கு வாடிக்கை குறையவில்லை. கோடை முடிந்தபின் வருவாயை நீட்டிக்க வழி தேடிய நகரத்தார் கடற்கரைச் சாலை நெடுகிலும் மின்விளக்குகளை ஒளிரவிட்டனர். 1879-இல் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கிய அந்த விளக்கு அலங்காரம் பின்னர் இலையுதிர்காலத் திருவிழாவாகவே நிலைபெற்றது. தறிகள் நிற்கும் வாரத்தில் தொழிலாளர் குடும்பம் கடலோரத்துக்குப் போவது என்பதை ஓர் ஊரே பழக்கமாக்கிக்கொண்ட இந்த வரலாறு, தீபாவளி விடுப்பில் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறிச்சத்தம் ஓய்ந்த தெருக்களைப் பார்த்தவர்களுக்கு அயலானதாகத் தோன்றாது.

ஆனால் காவிரிப்பூம்பட்டினக் கடற்கரையில் ஓய்வுநாளைக் கழித்த பரதவர்களைப் பற்றிய பதிவு ரஸ்ஸலுக்கு ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டு முற்பட்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, உவா நாளில் மீன்பிடிக்கக் கடலுக்குள் செல்லாமல் ஓய்ந்திருந்த மீனவர்கள் அந்நாளை எவ்வாறு கழித்தனர் என்பதை நுணுக்கமாகச் சொல்கிறது. உவா என்பதைப் பெரும்பாலோர் முழுநிலா நாள் என்று கொள்வர். சினைச்சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை ஏற்றி வழிபட்டு, தாழம்பூச் சூடி, பனங்கள் பருகிய அவர்கள், முதலில் கடலில் ஆடுகிறார்கள். பிறகு உடம்பில் படிந்த உப்புப் போக ஆற்றுநீரில் முழுகுகிறார்கள். நண்டுகளைத் துரத்தி விளையாடுகிறார்கள். கரைக்கு வரும் அலையைக் காலால் உழக்குகிறார்கள். மணலில் பாவை செய்கிறார்கள். இன்று எந்தக் கடற்கரையிலும் குழந்தைகளும் பெரியவர்களும் செய்வது இவ்வளவுதான். கடல்நீரில் குளித்தபின் நல்ல தண்ணீரில் குளிக்க வேண்டும் என்ற நடைமுறை அறிவுகூட அதில் விடுபடவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் கடலாடச் சென்று மனம் பிரிந்து திரும்பியதும் இதே கரைதான். அவர்கள் சென்றது இந்திரவிழாவின் முடிவில், வேனிற்காலத்தில்.

இலையுதிர்காலம் எனப்படும் பருவம் தமிழ்நாட்டில் கார்காலத்தின் கடைப்பகுதியும் கூதிர்காலமும் சேர்ந்தது. ஆவணி, புரட்டாசி கார் என்றும் ஐப்பசி, கார்த்திகை கூதிர் என்றும் பழைய பகுப்பு. இங்கிலாந்தில் இக்காலம் கூட்டம் கலைந்த அமைதியான பருவம் என்றால், சோழமண்டலக் கரையில் அது ஆண்டின் பெருமழைக் காலம். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் தொடங்கும் இயல்பான நாள் அக்டோபர் 20-ஐ ஒட்டியது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்கிறது. நாகப்பட்டினம், மயிலாடுதுறைக் கரையோரத்தில் இதன் பங்கு இன்னும் மிகுதி. கோடைமழையும் தென்மேற்குப் பருவத்து மாலை இடிமழையும் கலந்து பெறும் சேலத்துக்காரர்களுக்கு, விடிந்தது முதல் அடைபட்டு விடாமல் பெய்யும் கடலோர மழை புதிய அனுபவமாக இருக்கும்.

ஆகவே கடலோர ஓய்வுக்கு உகந்தது செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையிலான இடைவெளி. அப்போது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசிவந்த மேல்காற்று, மீனவர் வழக்கில் கச்சான், தளர்ந்திருக்கும்; வடக்கிலிருந்து வரும் வாடையும் கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் இன்னும் வலுப்பெற்றிரா. இரு பருவங்களுக்கு நடுவில் காற்று ஓயும் இந்நாள்களில் கிழக்குக் கடல் ஒப்பளவில் அமைதியாகவே கிடக்கும். அதன் பிறகு கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பி, அலையும் உயரத் தொடங்கும். காலாண்டு விடுமுறை சரியாக இந்த இடைவெளியில் விழுவது தற்செயலே ஆனாலும், அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் ஏற்காட்டுப் போக்குவரத்து நெரிசலில் அரைநாளைக் கழிப்பது வீண். வேறொரு சிறு வசதியும் உண்டு: புரட்டாசியில் பெருமாளுக்காக அசைவம் தவிர்ப்போர் மிகுதி என்பதால் கடற்கரையில் மீன் விலை இறங்கியிருக்கும். விரதம் இல்லாதவர்களுக்கு, மேட்டூர் அணையோரக் கடைகளில் வறுத்துத் தரும் ஜிலேபிக்கும் கட்லாவுக்கும் பழகிய நாக்கில் சங்கராவையும் கிழங்கானையும் சுவைத்துப் பார்க்கும் வாய்ப்பு அது.

சேலத்திலிருந்து நாமக்கல், கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்கு நேரடி ரயில் உண்டு. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்கே போய்க்கொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயில் 1980-களில் நிறுத்தப்பட்டுவிட்டதால் இன்று பேருந்துதான்.

மயிலாடுதுறையை வெறும் வண்டி மாறும் இடமாகக் கருதுவது சரியன்று, ஏனெனில் தமிழர்கள் கூதிர்காலத்தில் ஆற்றின் போக்கிலே கீழே இறங்கி வந்து தங்கிய பழைய விடுமுறைத் தலம் அதுவே. சூரியன் துலா ராசியில் இருக்கும் ஐப்பசியில் எல்லாப் புண்ணிய நதிகளும் காவிரியில் வந்து கலக்கின்றன என்பது நம்பிக்கை. அம்மாதம் முழுவதும் துலாக் கட்டத்தில் மக்கள் நீராடுகின்றனர்; மாதத்தின் கடைசி நாள் நீராடல் கடைமுழுக்கு எனப்படும். மறுநாள், கார்த்திகை முதல் தேதியில், முடவன் முழுக்கு என்று இன்னொன்று உண்டு. நடக்க இயலாத அடியார் ஒருவர் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் மாதம் முடிந்துவிட, அவருக்காக இறைவன் ஒருநாள் நீட்டித்துத் தந்தார் என்பது தலபுராணம். விடுப்புக் கிடைக்காமல் தாமதமாக வருபவர்களுக்கும் இடம் வைத்திருக்கும் இத்தகைய திருநாள் வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காது. முற்காலத்தில் இதற்காக வந்தவர்கள் நாட்கணக்கில் தங்கினார்கள். இன்றோ கும்பகோணத்தில் விடியற்காலை ஏறினால் இரவுக்குள் ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் சுற்றிக் காட்டிவிடும் அரசுப் பேருந்து இருக்கிறது. அது வசதிதான், ஆனால் அப்படிப் போய்வந்த குடும்பம் மறுநாள் ஓய்வெடுக்க இன்னொரு விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். சேலம், நாமக்கல் பகுதியின் சுற்றுலா வழக்கத்தில் இல்லாமல் போனது, ஓரிடத்தில் வேலையின்றித் தங்கியிருத்தல் என்னும் ஒன்றே.

அப்படித் தங்குவதற்குத் தரங்கம்பாடி ஏற்றதாக இருப்பதற்கு முதற்காரணம், அங்கே பார்க்க வேண்டியவை அனைத்தும் காலார நடந்து அரைநாளில் முடிந்துவிடும் என்பது. 1792-இல் கட்டப்பட்ட நகரவாயில் வழியாக நுழைந்தால் கிங்ஸ் தெரு நேராகக் கடலுக்குப் போகிறது. இருமருங்கிலும் பழைய தேவாலயங்களும் வெளுத்த சுவர்களையுடைய மாளிகைகளும் நிற்கின்றன. தெருமுனையில் கடலைப் பார்த்தபடி டேனிஷ் கோட்டை. தஞ்சை இரகுநாத நாயக்கரும் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானின் தூதராக வந்த ஓவே ஜெட்டேயும் 1620 நவம்பரில் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் எழுந்த டான்ஸ்போர்க் கோட்டை அது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தின் நடுவில், மிளகு வாங்குவதற்காக வந்த அந்த வடதேசத்தார் இங்கே ஊன்றி, 1845-இல் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குத் தங்கள் இந்தியக் குடியிருப்புகளை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும்வரை ஏறத்தாழ இருநூற்றிருபத்தைந்து ஆண்டு இருந்தனர். கோட்டைக்குள் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் ஒரு முற்பகலை அங்கே கழிக்கலாம்.

அச்சுத் தமிழின் வரலாற்றில் ஆர்வமுள்ளோர்க்கு இவ்வூர் இன்னும் நெருக்கமானது. 1706 ஜூலையில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பக்கத்து ஊரான பொறையாறில் காகித ஆலையும் வைக்கப்பட்டது. 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தமிழின் முதல் புதினமான பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய வேதநாயகம் பிள்ளையும் இவ்வூரில் முன்சீபாக, அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதியாக, இருந்தவர்.

இவை எல்லாவற்றையும்விடப் பழையது கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1306-இல் எழுப்பிய அதன் பெரும்பகுதியை அலைகள் கொண்டுபோய்விட்டன; எஞ்சிய பகுதிக்கு முன்னால் பாறைகளைக் கொட்டித் தடுப்புச்சுவர் அமைத்திருக்கிறார்கள். அலை அந்தக் கற்களுக்கிடையே புகுந்து வெளியேறும்போது எழும் உறிஞ்சும் ஓசையை உட்கார்ந்து கேட்டால், ஏழு நூற்றாண்டாகக் கடல் எத்தனை பொறுமையாக வேலை செய்திருக்கிறது என்பது விளங்கும். 2004 டிசம்பர் 26-இல் அது பொறுமையாக இல்லை; சுனாமியில் இக்கரையோர மீனவக் குப்பங்கள் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தன. கடலை வேடிக்கை பார்க்க வரும் வெளியூரார், வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக்கொடுக்கும் முன் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

தரங்கம்பாடியைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு செய்தி சற்று விரிவாகப் பார்க்கத்தக்கது: அங்கே ஓசோன் கலந்த காற்று வீசுகிறது, ஆகவே அது உடல்நலத்துக்கு உகந்த கடற்கரை என்பது அது. இந்தப் பெருமை தரங்கம்பாடிக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கடலோர ஊர்கள் ஏறக்குறைய அனைத்துமே இதே விளம்பரத்தைச் செய்தவை. ஷோன்பைன் என்னும் வேதியியலார் 1840-ஐ ஒட்டி ஓசோனைக் கண்டறிந்து பெயரிட்ட சில ஆண்டுகளிலேயே, கடற்காற்றின் தனிமணம் அதனுடையதுதான் என்ற நம்பிக்கை பரவி, மருத்துவர்கள் அதை மூச்சுநிறைய இழுக்கச் சொல்லி அனுப்பினர். உண்மையில், மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த ஓசோன் நம் தலைக்கு மேல் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் சூரியனின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் காப்பு. தரைமட்டத்தில் மிகுந்தால் நுரையீரலை உறுத்தும் மாசு. கடற்காற்றின் மணத்துக்குப் பெரிதும் காரணமானது டைமெத்தில் சல்பைடு என்னும் கந்தகச் சேர்மம். கடலில் மிதக்கும் நுண்பாசிகள் தங்களுக்குள் சேர்த்துவைக்கும் ஒரு பொருளை அவை மடிந்தபின் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அது வெளிப்படுகிறது. கடற்பறவைகள் சில அந்த மணத்தைப் பிடித்தே இரை இருக்குமிடம் தேடிச் செல்கின்றன. ஆக, தரங்கம்பாடிக் கடற்கரையில் மாலையில் உட்கார்ந்தவருக்குத் தெளிவு கிடைக்கிறது என்றால், அதற்கு ஆலைப்புகையும் சாலைப்புழுதியும் இல்லாத காற்றும், போக வேண்டிய அடுத்த இடம் என்று ஒன்று இல்லாமையுமே போதுமான காரணங்கள்.

ஒரு தடை மட்டும் இருக்கிறது. ஆடுமாடு வைத்திருக்கும் மேச்சேரிப் பக்கத்து விவசாயிக்கு நான்கு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது அத்தனை எளிதன்று. பட்டியைத் திறந்து மேய்த்துக் கட்டுவதற்குப் பங்காளி வீட்டாரோ பக்கத்துக் காட்டாரோ ஒத்துக்கொண்டால்தான் பயணமே. அடுத்த முறை அவர்கள் போகும்போது இவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் ஆலைத்தொழிலாளிக்கு ஊரே ஒரே நேரத்தில் மூடியதால் இந்தச் சிக்கல் எழவில்லை. அங்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 1938-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே பரவலானது. அதற்குமுன் அந்த ஒரு வாரத்துக்காக ஆண்டு முழுவதும் சிறுகச் சேமித்தார்கள். கூலிக்குத் தறி ஓட்டுபவரின் நிலை இன்றும் ஏறத்தாழ அதுவே. தீபாவளி போனசைக் கொண்டுதான் அவர் எதையும் திட்டமிட முடியும்.

தீபாவளி விடுப்பில்தான் போக முடியும் என்பவர்கள் மழையையும் கடலையும் கணக்கில் கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் இக்கரையில் அலை கரைக்கு மிக அருகிலேயே உடைந்து, திரும்பும் நீர் ஒடுங்கிய பாதையாக ஆழத்தை நோக்கி வேகமாக இழுக்கும். நீச்சல் தெரிந்தவரையும் அது கொண்டுபோகும் என்பதால், முழங்காலளவு நீரோடு நின்றுகொள்வதே முறை. அந்த இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். நாகப்பட்டினம், காரைக்கால், கடலூர்த் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் செய்திகளில் வரும். 1-ஆம் எண் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதை மட்டும் குறிக்கும். 3 என்றால் அந்தத் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரக்கூடும். 10 என்பது பேரபாயம். 11, எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்பதன் அடையாளம். 1977 நவம்பர் 12-இல் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலும், 2008 நவம்பர் இறுதியில் காரைக்கால் அருகே கரைகடந்த நிஷாவும், 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜாவும் எல்லாம் இதே மாதத்தில் வந்தவை. 3-ஆம் எண் ஏறியதும் மயிலாடுதுறைக்கு வந்துவிட்டால், ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சேலம் திரும்பிவிடலாம்.